மலை இறக்கத்தில் ட்ரெயிலர்: எலக்ட்ரிக் பிரேக்கா, ஓவர்ரன் பிரேக்கா?

பாரத்தோடு இறங்கி வெறுமையாக ஏறுவதுதான் மலையகத்து ட்ரெயிலரின் வழக்கம். நுவரெலியாவில் கட்டிய லீக்ஸ், கரட், கோவா மூட்டைகள் தம்புள்ளை, பேலியகொடை மொத்தச் சந்தைகளுக்கு இறங்குகின்றன. திரும்பி வரும்போது வெறுஞ்சாக்கும் பெட்டியும்தான். சமவெளியில் ட்ரெயிலர் பிரேக் வாங்குகிறவர் "எவ்வளவு தூரத்தில் நிற்கும்?" என்று கேட்டால் போதும். நமக்கு அது இரண்டாவது கேள்வி. இருபது கிலோமீற்றர் இறங்கிய பிறகும் அந்தப் பிரேக் பிடிக்குமா என்பதுதான் முதல் கேள்வி.

கணக்கு இதுதான். 1500 கிலோ எடையுள்ள ஒரு ட்ரெயிலர் 1000 மீற்றர் உயரம் இறங்கினால், ஏறத்தாழ 14.7 மெகாஜூல் சக்தி எங்காவது போயாக வேண்டும். 44 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம் அது. ஒரு பகுதியை டயரும் காற்றும் தின்றுவிடும். மீதியை இழுக்கும் வாகனத்தின் எஞ்சினோ பிரேக் ட்ரம்மோதான் வாங்கிக்கொள்ள வேண்டும். 1868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாவிலிருந்து ரம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்கினாலும், தலவாக்கலை, ஹட்டன், கினிகத்தேனை வழியாகக் கித்துல்கலைக்கு இறங்கினாலும் இறக்கம் 1000 மீற்றருக்கும் மேல்; வெப்பமும் அதற்கேற்பக் கூடும். ஆகவே இங்கே பிரேக்கைத் தேர்ந்தெடுப்பது என்றால், அந்த வெப்பம் எங்கே போக வேண்டும் என்று தீர்மானிப்பதுதான்.

பிரேக்கே இல்லாத ட்ரெயிலரை முதலில் தள்ளி வைத்துவிடலாம். ஐரோப்பிய விதிகளிலும் அவுஸ்திரேலிய விதிகளிலும் மொத்த எடை 750 கிலோவுக்கு மேல் போனால் ட்ரெயிலருக்குச் சொந்தப் பிரேக் கட்டாயம். அந்த எல்லை சமதரையையும் மனதில் வைத்துப் போட்டது. 1000 லீற்றர் தண்ணீர் பவுசர் ஒன்றைப் பிரேக் இல்லாமல் டபள் கெப்பின் பின்னால் மாட்டி நானுஓயா–ரதெல்ல குறுக்கு வீதி மாதிரியான இறக்கத்தில் விடுவது என்றால், ஒரு டன்னை முழுக்க முன் வாகனத்தின் தலையில் கட்டுவதாகும். வளைவில் பின்னாலிருந்து அது தள்ளினால் வாகனத்தின் பின்பக்கம் வெளியே போய் இரண்டும் மடங்கிக்கொள்ளும். லொறிகளின் காற்றுப் பிரேக் வேறு உலகம். அதை இங்கே எடுக்கவில்லை. ஜீப், டபள் கெப், சிறிய லொறி ஆகியவற்றின் பின்னால் போகும் மூன்று டன் வரையான ட்ரெயிலருக்கு உண்மையான போட்டி மின்சாரத்தால் பிடிக்கும் எலக்ட்ரிக் பிரேக்குக்கும், ட்ரெயிலரின் தள்ளலாலேயே பிடிக்கும் ஓவர்ரன் பிரேக்குக்கும் நடுவில்தான்.

யார் பிரேக்கைப் பிடிக்கிறார்கள்?

ஓவர்ரன் பிரேக்கில் வயரும் இல்லை, ட்ரெயிலர் பிரேக்குக்கு எவ்வளவு மின்சாரம் விடுவது என்று தீர்மானிக்கும் கன்ட்ரோலரும் இல்லை. முன் வாகனம் வேகத்தைக் குறைத்ததும் ட்ரெயிலர் தன் கனத்தால் முன்னே தள்ளும். கப்ளிங்கில் (ட்ரெயிலரை வாகனத்தோடு இணைக்கும் தலைப்பகுதியில்) இருக்கும் உருளைத் தண்டு உள்ளே நகர்ந்து, கம்பியாலோ கேபிளாலோ, சக்கரத்தோடு சுழலும் ட்ரம்முக்குள் இருக்கும் வளைந்த பிரேக் சூவை விரித்து ட்ரம்மில் உரசவைக்கும். சிலவற்றில் தண்டு, பிரேக் ஒயிலைத் தள்ளும் ஒரு மாஸ்டர் சிலிண்டரை அழுத்தும். ஐரோப்பாவில் 3500 கிலோ வரை இதுதான் வழக்கம். எளிமையானது. எந்த வாகனத்தின் பின்னால் மாட்டினாலும் வேலை செய்யும். ஹேண்ட்பிரேக்கும் சேர்ந்தே வரும்.

மலையில் இதற்கு ஒரு பெரிய குறை உண்டு. ட்ரெயிலர் முன்னே தள்ளுவது ஏன் என்று அந்தத் தண்டுக்குத் தெரியாது. சாரதி பிரேக்கை மிதித்ததால் தள்ளினாலும் ஒன்றுதான், இரண்டாம் கியரில் போட்டு எஞ்சினால் பிடித்துக்கொண்டு இறங்குவதால் தள்ளினாலும் ஒன்றுதான். நல்ல சாரதி மலையில் இரண்டாவதைத்தான் செய்வார்: பெடலைத் தொடாமல் எஞ்சினை வேலை வாங்குவார். அந்த நேரம் முழுக்கப் பின்னால் ட்ரெயிலரின் பிரேக் சூ ட்ரம்மை உரசிக்கொண்டே வரும். கால் மணி நேரம் அப்படி இறங்கினால் ட்ரம் கொதித்து, லைனிங் (சூவில் ஒட்டிய உராய்வுப் பட்டை) வழுக்கத் தொடங்கும். சாரதிக்கு அது தெரியவும் வராது, ஏனென்றால் பெடல் அப்படியே கெட்டியாக இருக்கும்.

எலக்ட்ரிக் பிரேக்கில் முடிவு சாரதியின் காலில் இருக்கிறது. பெடலை மிதித்து பிரேக் லைட் எரிந்தால்தான் ட்ரெயிலர் பிடிக்கும். எஞ்சினால் இறங்கும்போது ட்ரெயிலர் ட்ரம் குளிர்ந்தே இருக்கும். தேவைப்பட்டால் டேஷ்போர்டில் இருக்கும் கன்ட்ரோலரின் கைப்பிடியால் ட்ரெயிலரை மட்டும் தனியாகப் பிடிக்கலாம். பின்னால் ஆடத் தொடங்கும் ட்ரெயிலரை நேராக்க இதைவிட நல்ல வழி இல்லை: வாகனத்தின் பிரேக்கைத் தொடாமல் கைப்பிடியை மெல்ல நகர்த்தினால், பின்னாலிருந்து கயிறு பிடித்து இழுத்தமாதிரி ட்ரெயிலர் நிமிரும். இந்த ஒரு காரணத்துக்காகவே, நீண்ட இறக்கத்தில் பாரம் கொண்டுபோகிறவர்களுக்கு நாங்கள் எலக்ட்ரிக் பிரேக்கைச் சொல்கிறோம். வயரைப் பராமரிக்க மனமிருந்தால் மட்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

பின்னோக்கி எடுக்கும் விஷயத்திலும் வித்தியாசம் பெரிது. தோட்டத்துப் பாதைகளில் கொண்டை ஊசி வளைவு ஒரே மூச்சில் திரும்பாது. பின்னால் எடுத்துத்தான் திருப்ப வேண்டும். ஓவர்ரன் பிரேக் அதையும் தள்ளுதல் என்றே எடுத்துக்கொண்டு சக்கரத்தைப் பிடித்துவிடும். புதியவற்றில் ட்ரம்முக்குள்ளேயே ஆட்டோ ரிவர்ஸ் இருக்கும். சக்கரம் பின்னால் சுழன்றதும் சூ விலகிக்கொள்ளும். பழையதை வாங்குகிறவர் இதைக் கேட்காமல் பணம் கொடுக்கக் கூடாது. எலக்ட்ரிக்கில் இந்தப் பிரச்சினையே இல்லை.

ட்ரம்முக்குள் நடப்பது

எலக்ட்ரிக் ட்ரம்மைக் கழற்றிப் பாருங்கள். சாதாரண ட்ரம் பிரேக்கில் வீல் சிலிண்டர் இருக்கும் இடம் வெறுமையாக இருக்கும். கீழே, உள்ளங்கையில் அடங்கும் அளவில் முட்டை வடிவிலோ வட்டமாகவோ ஒரு மின்காந்தம் ஒரு நெம்புகோலின் நுனியில் உட்கார்ந்திருக்கும். அதற்கு எதிரே ட்ரம்மின் உட்புறத்தில் கடைந்தெடுத்த தட்டையான இரும்பு முகம். மின்சாரம் வந்ததும் காந்தம் அந்த முகத்தில் ஒட்டும். ட்ரம் சுழல்வதால் காந்தத்தையும் கூடவே இழுக்கும், நெம்புகோல் சாயும், முதல் சூ விரியும். அந்தச் சூ ட்ரம்மைத் தொட்டதும் சுழற்சியே அதை இன்னும் இறுக்கி இரண்டாவது சூவையும் தள்ளிவிடும். காந்தம் செய்வது தொடக்கம் மட்டும்தான். பெரிய விசையைத் தருவது சுழலும் சக்கரமே.

இதிலிருந்து இரண்டு விஷயம் வருகிறது. சக்கரம் நின்றிருந்தால் எலக்ட்ரிக் பிரேக் உடனே கவ்வாது, கொஞ்சம் உருண்ட பிறகுதான் கவ்வும். பின்னோக்கி உருளும்போது கவ்வும் விசையும் குறைவு. ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி எடுக்கும்போது ட்ரெயிலர் பிடித்துக்கொள்ளும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

காந்தத்துக்கும் சூட்டில் சோர்வு வரும் என்பது பலருக்குத் தெரியாது. செம்புக் கம்பி சுருளின் மின்தடை ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் 0.39 சதவீதம் கூடும். குளிரில் 3.2 ஓம் இருந்த காந்தம் 100 பாகை சூடேறினால் ஏறத்தாழ 4.45 ஓம். அப்போது 3.75 அம்பியருக்குப் பதில் 2.7 அம்பியர்தான் ஓடும். லைனிங் சோர்கிற அதே நேரத்தில் காந்தமும் சோர்கிறது. எனவே எலக்ட்ரிக் பிரேக்கிலும் பெடலில் காலை வைத்தபடியே இறங்கக் கூடாது. தாழ்ந்த கியர், வேகம் ஏறினால் உறுதியாக ஒரு பிடி, பிறகு முழுமையாக விடுதல். அந்த இடைவெளியில்தான் ட்ரம் மூச்சு வாங்கும்.

கன்ட்ரோலர் இரண்டு வகை

மலிவானது டைம் டிலே வகை. பெடலை மிதித்ததும், முன்பே வைத்த அளவுக்கு மின்சாரத்தைப் படிப்படியாக ஏற்றிவிடும். நீங்கள் மெல்லத் தொட்டீர்களா, உயிருக்குப் பயந்து மிதித்தீர்களா என்று அது பார்ப்பதில்லை. வட்டவளைப் பக்கம் மழையில் நனைந்த வளைவில் லேசாகத் தொட்டபடி இறங்கினாலும் சில விநாடியில் முழு அளவும் போய்ச் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

புரொபோர்ஷனல் வகையில் ஓர் ஊசலோ சென்சரோ வாகனம் எவ்வளவு குறைகிறது என்று அளந்து, அதே விகிதத்தில் ட்ரெயிலருக்குக் கொடுக்கும். சரிவில் இதற்கு ஒரு நல்ல குணம் உண்டு. 10 சதவீத இறக்கத்தில் ஒரே வேகத்தில் பிரேக் பிடித்து இறங்கும்போது வேகம் குறையாவிட்டாலும் ஊசல் முன்னால் சாய்ந்தே இருக்கும்; ட்ரெயிலருக்கும் அதன் பங்கு போகும். ஏற்றத்தில் இது தலைகீழ். ஊசல் பின்னால் சாயும், வெளியீடு குறையும். ஏற்றத்தில் எஞ்சின் நின்று வாகனம் பின்னால் உருளத் தொடங்கினால் பெடலோடு நிற்காமல் கைப்பிடியையும் முழுக்க இழுக்க வேண்டும். இது தெரிந்திருந்தால் புரொபோர்ஷனலே மலைக்கு உகந்தது. டைம் டிலேயை நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை.

அளவு வைப்பதற்குத் தார் போட்ட, காய்ந்த, ஆளில்லாத சமதரை வேண்டும். வழக்கமான பாரத்தோடு 40 கிலோமீற்றர் வேகத்தில் கைப்பிடியை மட்டும் முழுக்க இழுங்கள். ட்ரெயிலர் பலமாக இழுத்துப் பிடிக்க வேண்டும், ஆனால் சக்கரம் பூட்டக் கூடாது. பூட்டினால் அளவைக் குறையுங்கள். இழுவையே தெரியாவிட்டால் கூட்டுங்கள். பாரத்துக்கு வைத்த அளவு வெறும் ட்ரெயிலருக்கு அதிகம். தம்புள்ளையில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது குறைக்க மறந்தால், ஈரமான ரோட்டில் வெறும் ட்ரெயிலர் வழுக்கிக்கொண்டு வரும்.

பிடிக்கவில்லை என்றால் எங்கே பார்ப்பது

எலக்ட்ரிக் பிரேக் பிழைகளில் பெரும்பகுதி ட்ரம்முக்கு வெளியே, வயரிலும் எர்த்திலும் (மின்சாரம் பெட்டரிக்குத் திரும்பும் வழி) ப்ளக்கிலும்தான் இருக்கும். மூடுபனியும் மழையும் மாறி மாறி வரும் இடத்தில் பித்தளைப் பின்கள் பச்சை பிடிப்பதற்கு ஒரு பருவமே போதும்.

ட்ரம்மைக் கழற்றுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். ப்ளக்கைக் கழற்றி, ட்ரெயிலர் பக்கத்தில் பிரேக் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே மின்தடையைப் பாருங்கள். அவுஸ்திரேலிய, அமெரிக்க முறைகள் இரண்டிலும் பிரேக் வயர் நீல நிறம். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணை முதலில் கழித்துக்கொள்ள வேண்டும். 10 அங்குல ட்ரம்மின் காந்தம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3.2 ஓம். இரண்டு காந்தம் இணையாக இருந்தால் 1.6, நான்கு இருந்தால் 0.8. இரண்டு சக்கர ட்ரெயிலரில் 3.2 காட்டினால் ஒரு காந்தத்தின் இணைப்பு அறுந்திருக்கிறது. ஒன்றுமே காட்டாவிட்டால் வயரோ எர்த்தோ அறுந்திருக்கிறது. பூச்சியத்தை ஒட்டி வந்தால் எங்கோ ஷோர்ட்.

மின்தடை சரியாக இருந்தும் பிடிக்கவில்லையா? அப்போதுதான் பலர் நல்ல காந்தத்தை மாற்றிவிட்டு ஏமாறுகிறார்கள். துருப்பிடித்த ஓர் இணைப்பு 0.4 ஓம் சேர்த்தால் கைமீட்டரில் அது பெரிதாகத் தெரியாது. ஆனால் மொத்தம் 1.6 லிருந்து 2.0 ஆகும்; 7.5 அம்பியர் 6 ஆகும். காந்தத்துக்கு 12 வோல்ட்டுக்குப் பதில் 9.6 தான் போய்ச்சேரும். ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. எனவே மின்சாரம் ஓடும்போதே அளக்க வேண்டும்: ப்ளக்கை மாட்டி, கன்ட்ரோலரை உச்சத்தில் வைத்து, ஒருவர் கைப்பிடியை முழுக்க இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் காந்தத்தின் இரண்டு வயர்களுக்கும் இடையே வோல்ட்டைப் பார்க்க வேண்டும். பெட்டரியில் இருப்பதைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வழியில் திருட்டு நடக்கிறது. மீட்டரின் ஒரு முனையை பெட்டரியின் நெகட்டிவிலும் மற்றதை ட்ரெயிலர் சேசியிலும் வைத்துப் பாருங்கள். அங்கே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி எர்த். கிரீஸ் பூசிய கப்ளிங் உருண்டை எர்த்துக்கு உதவாது. ப்ளக் வழியாகவே தடித்த எர்த் வயர் வந்து, பெயின்ட் சுரண்டிய இரும்பில் போல்ட் போட்டு இறுக்கியிருக்க வேண்டும்.

வயரின் தடிப்பும் முக்கியம். லைட்டுக்கு ஓடும் 1 சதுர மில்லிமீற்றர் வயரையே பிரேக்குக்கும் இழுத்துவிடுவதைக் காண்கிறோம். எட்டு மீற்றர் போய் எட்டு மீற்றர் திரும்பினால் அதில் 1.75 வோல்ட் கரையும். 4 சதுர மில்லிமீற்றர் வயரில் அரை வோல்ட்தான். கன்ட்ரோலருக்கான மின்சாரம் பெட்டரியிலிருந்து நேராக, 20 அம்பியர் சர்க்கிட் பிரேக்கர் ஒன்றைத் தாண்டி வர வேண்டும். ஐரோப்பிய 7 பின் ப்ளக்கில் எலக்ட்ரிக் பிரேக்குக்கென்று பின் கிடையாது. அந்த ப்ளக்கோடு வந்த வாகனத்தில் தனி லைன் இழுக்க வேண்டும். 24 வோல்ட் லொறியில் 12 வோல்ட் காந்தத்தை நேராக மாட்டினால் வெப்பம் நான்கு மடங்கு, சுருள் கருகிவிடும்.

குண்டு குழியில் மட்டும் கன்ட்ரோலர் ஷோர்ட் என்று காட்டி, நல்ல ரோட்டுக்கு வந்ததும் தானாகச் சரியாகிறதா? ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரத்துக்குப் போகும் வயர் அச்சுக் குழாய்க்குள் ஓடுகிறதா என்று பாருங்கள். அது குழாயின் ஓரத்தில் உரசி உரசித் தோல் உரிந்திருக்கும். உள்ளேயே புது வயர் போட்டால் அதுவும் உரியும். அச்சுக்கு வெளியே பிளாஸ்டிக் குழாயில் போட்டு இறுக்கக் கட்டுங்கள்.

வயரெல்லாம் சரி என்ற பிறகே ட்ரம்மைத் திறக்க வேண்டும். காந்தத்தின் முகம் சமமாகத் தேய்ந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து தேய்ந்திருந்தால் நெம்புகோலின் புஷ் போய்விட்டது. செம்புச் சுருள் கண்ணுக்குத் தெரிந்தால் மாற்றியே ஆக வேண்டும், அதுவும் அச்சின் இரண்டு பக்கமும் சேர்த்து. காந்தத்தின் வயர் ஒன்றுக்கும் பேக்கிங் பிளேட்டுக்கும் (சூக்கள் பொருத்தியிருக்கும் பின்தட்டு) இடையே மீட்டர் எதையும் காட்டக் கூடாது. ஒரு சக்கரம் மட்டும் வெடுக்கென்று பூட்டினால் ஒயில் சீல் கசிந்து லைனிங்கில் கிரீஸ் ஏறியிருக்கலாம். பெட்ரோலில் கழுவி மறுபடி போடாமல் லைனிங்கை மாற்றுங்கள். பிடிக்கும்போது விட்டு விட்டு இழுத்தால் ட்ரம் வட்டம் தவறியிருக்கும், அல்லது பேரிங் தளர்ந்து காந்தம் துள்ளும்.

சூ இடைவெளியைச் சரிசெய்யச் சக்கரத்தைத் தூக்கி, பேக்கிங் பிளேட்டின் ரப்பர் மூடியை எடுத்து, ஸ்குரூட்ரைவரால் பல்சக்கரத்தைக் கையால் சுற்ற முடியாதவரை இறுக்குங்கள். பிறகு லேசான உரசலோடு சுற்றும்வரை தளர்த்துங்கள். புது லைனிங்குக்கு முதல் 300 கிலோமீற்றரில் ஒருமுறை, அதற்குப் பிறகு 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை என்பது பொது வழக்கு. பாரத்தோடு வாரம் மூன்று தடவை ரம்பொடை இறங்குகிறவர் அதைப் பாதியாக்கிக்கொள்வது நல்லது.

ஓவர்ரன்னே போதும் என்றால்

ஓவர்ரன் பிரேக்கை ஒதுக்கித் தள்ளவில்லை. ட்ரெயிலர் இன்று தோட்டத்து ஜீப்பிலும் நாளை அயலாரின் டபள் கெப்பிலும் ஏறுமென்றால் ஒவ்வொரு வாகனத்துக்கும் கன்ட்ரோலர் போட முடியாது. டிரக்டர்களில் பிரேக் லைட்டே ஒழுங்காக எரியாது. சிக்னல் இல்லாமல் கன்ட்ரோலர் என்ன செய்யும்? வெலிமடைப் பக்கம் வயலுக்கும் ரோட்டுக்கும் இடையே நாலைந்து கிலோமீற்றர் ஓடும் ட்ரெயிலருக்கு இது தாராளம். தோட்டத்துக்குள் கொழுந்து ஏற்றும் ட்ரெயிலருக்கும், ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) மேட்டில் இருந்தால், இதுவே போதும், ஏனென்றால் பாரம் அங்கே ஏறித்தான் போகிறது.

அப்படி எடுத்தால் நீண்ட இறக்கத்தில் நின்று நின்று போக வேண்டும். சக்கரத்தின் அருகே புறங்கையை வைத்தாலே சூடு தெரிந்தால் கால் மணி நேரம் நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், சூடான வார்ப்பிரும்பு வெடிக்கும். கப்ளிங் தண்டு ஒவ்வொரு பிடிக்கும் கடைசிவரை உள்ளே போய் இடித்தால் சூ தேய்ந்திருக்கிறது: முதலில் ட்ரம்மில் சரிசெய்து, அப்புறம்தான் கம்பியின் தளர்வை எடுக்க வேண்டும். கம்பியை மட்டும் இறுக்குவது தவறு. தண்டை அழுத்திவிட்டால் மெல்ல வெளியே வர வேண்டும். டக்கென்று குதித்தால் தண்டின் வேகத்தை அடக்கும் டேம்பர் போய்விட்டது, பிரேக்கும் இனி வெட்டி வெட்டித்தான் பிடிக்கும். கேபிளுக்குள் தண்ணீர் இறங்கித் துரு ஏறினால் பிரேக் பிடித்தபடியே நின்றுவிடும். மழைக்காலம் தொடங்குமுன் கிரீஸ் நிப்பிள்களுக்குக் கிரீஸ் அடித்துவிடுங்கள்.

கொக்கி கழன்றால் என்ன நடக்கும் என்பதிலும் இரண்டும் வேறு. ஓவர்ரன்னில் ஒரு மெல்லிய கேபிள் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிடும். எலக்ட்ரிக்கில் ட்ரெயிலரிலேயே ஒரு சிறிய 12 வோல்ட் பெட்டரியும், கேபிள் தன் பின்னை (ஊசியை) இழுத்ததும் மின்சாரம் விடும் பிரேக்அவே ஸ்விட்சும் வேண்டும். அந்தக் கேபிளை வாகனத்தின் சேசியில் மாட்டுங்கள். கப்ளிங் உருண்டையிலோ செயினிலோ மாட்டினால் அதுவும் சேர்ந்தே கழன்றுபோகும். மாதம் ஒருமுறை ப்ளக்கைக் கழற்றிவிட்டுப் பின்னை இழுத்து, ட்ரெயிலரை முன்னே தள்ளிப் பாருங்கள். சக்கரம் கவ்வ வேண்டும். ப்ளக் மாட்டியிருக்கும்போது இதைச் செய்தால் கன்ட்ரோலர் பழுதாகலாம். அந்தப் பெட்டரி கால் மணி நேரம்தான் தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நிறுத்திவைக்கும் பிரேக் அல்ல. பல எலக்ட்ரிக் ட்ரெயிலர்களில் ஹேண்ட்பிரேக்கும் இருக்காது. ஆகவே சரிவில் கழற்றுமுன் இரண்டு சக்கரத்துக்கும் பள்ளப்பக்கமாக ஆப்புக் கட்டை வையுங்கள், ட்ரெயிலர் கட்டையில் சாய்ந்து நிற்கும்வரை வாகனத்தை மெல்ல விடுங்கள், அதன் பிறகே கொக்கியைத் தொடுங்கள்.